மூல ஓலையும் மந்தணமும்: ஆவணக் காப்பகங்களில் அரசின் மறைவும் மக்களின் மானமும்

திருநாவலூரில் தோன்றிய நம்பியாரூரரின் திருமணம் புத்தூரில் நிகழவிருந்த வேளையில், முதிய அந்தணர் ஒருவர் மணப்பந்தலில் நுழைந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டார். மணமகனின் பாட்டனார் தம்மையும் தம் வழிவந்தோரையும் அடிமையாக எழுதிக்கொடுத்த ஓலை தம்மிடம் உளதென்று காட்டினார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறாகக் காக்கப்பட்டிருந்தது. பின்னர்த் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் மூல ஓலை வைக்கப்பட்டது. பாட்டனாரின் கையெழுத்து அவருடைய வேறோர் எழுத்துடன் ஒப்புநோக்கப்பட்டது. வழக்கு முடிந்தது. சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்தில் விரித்துரைக்கும் இந்நிகழ்ச்சியைத் தமிழர் அனைவரும் அறிவர்.

அடியார் இதில் இறைவனின் அருள் விளையாட்டைக் காண்பர். ஆவணவியல் அறிந்தார் இதில் வேறு சிலவற்றையும் காண்பர். மூலமும் படியும் வேறு வேறாக வைக்கப்பட்டமை, எழுத்தினை எழுத்தோடு ஒப்பிட்டு மெய்ம்மை தேர்ந்தமை ஆகியன அக்காலத் தமிழரின் ஆவணப் பயிற்சியைக் காட்டுகின்றன. இவற்றினும் ஆழ்ந்த செய்தி ஒன்றும் இதில் உண்டு. பாட்டன் எழுதிய ஏடு பேரனின் மணப்பந்தலில் விரிக்கப்படும்போது அது பழங்கதையாக இருப்பதில்லை. வாழ்கின்ற ஒருவனின் நிலையை ஊரார் முன் மாற்றிவிடுகிறது. எழுதியவன் மறைந்த பின்னும் ஏட்டின் சூடு ஆறுவதில்லை.

ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்ட அரசு ஆவணக் காப்பகங்கள் ஒவ்வொன்றும் இன்று எதிர்கொள்ளும் வினா இதுவே. எந்த ஏட்டை எப்போது, யார்க்குத் திறப்பது? எதனை, யாரைக் காப்பதற்காக மூடி வைப்பது? சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வரலாற்றினை இவ்வினாவோடு அணுகுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அரசின் மந்தணம் இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் போற்றப்பட்டது. எளிய மக்களின் மந்தணமோ பதிவேடுகளின் பக்கங்களில் காவலின்றிக் கிடந்தது.

கல்லும் ஓலையும்

மறைத்தலும் வெளிப்படுத்தலும் தமிழக ஆட்சிமுறைக்குப் புதியன அல்ல. சோழர் ஆட்சியில் அரசனின் வாய்மொழி ஆணையை எழுதிய அலுவலர் திருமந்திர ஓலை எனப்பட்டார். அவர்க்கு மேல் திருமந்திர ஓலை நாயகம் இருந்தார். நிலவரிக் கணக்குகளுக்குப் புரவுவரித் திணைக்களம் இருந்தது. வரிப்பொத்தகம் என்னும் பதிவேட்டினைப் பேணுவோர் இருந்தனர். ஆணை முதலில் ஓலையில் எழுந்தது. ஊரார் அறிய வேண்டிய பகுதி மட்டுமே பின்னர்க் கோயிற் சுவரில் ஏறியது. கல்லில் வெட்டப்பட்டது அனைவர்க்கும் உரியது. ஓலையில் நின்றது ஆள்வோர்க்கு உரியது. ஓலைகள் செல்லரித்தும் தீப்பட்டும் அழிந்தன. ஆதலின் சோழர் காலத்து வெளிப்படை இன்று நமக்குக் கிடைக்கிறது. அக்காலத்து மந்தணம் கிடைக்கவில்லை.

திருக்குறளின் அமைப்பும் ஈண்டு எண்ணத்தக்கது. அரசன் மறைவாகச் செய்திகளை அறியும் முறையைக் கூறும் ஒற்றாடல் பொருட்பாலில் அமைந்துள்ளது. பிறர் குறையைப் பின்னின்று பேசாமையை வற்புறுத்தும் புறங்கூறாமை அறத்துப்பாலில் இல்லறவியலுள் அமைந்துள்ளது. அரசின் மறைவு ஆட்சித்திறம் பற்றியது. மக்களின் குறைகளைத் தூற்றாதிருத்தல் அறம் பற்றியது. இவ்விரண்டும் வெவ்வேறு இயல்பின என்பதைத் தமிழ் மரபு தெளிவாக உணர்ந்திருந்தது. இக்கால ஆவணக் காப்பகங்களோ இரண்டனையும் ஒரே சொல்லால் ‘இரகசியம்’ என்று குறித்து, வேறுபாட்டை மறந்தன.

கோட்டையிலிருந்து எழும்பூருக்கு

புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் எழுதிவைத்த நடவடிக்கைக் குறிப்புகள் 1670-ஆம் ஆண்டளவிலிருந்து கிடைக்கின்றன. 1803 முதல் 1807 வரை சென்னையின் ஆளுநராக இருந்த வில்லியம் பெண்டிங், துறைதோறும் சிதறிக் கிடந்த ஏடுகளை ஓரிடத்தில் தொகுத்து வைக்க வழிசெய்தார். அவர் ஆட்சிக் காலத்திலேயே, 1806-இல், வேலூர்ப் புரட்சி வெடித்தது. அது குறித்த விசாரணைகளும் கடிதங்களும் மந்தண ஏடுகளில் பதிவாயின. கும்பினியாட்சி எதற்கு அஞ்சியது என்பதை இன்று அவ்வேடுகளிலிருந்தே வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுகின்றனர்.

வெளியார் கண்ணுக்கு இவ்வேடுகள் நெடுங்காலம் எட்டவில்லை. மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த டால்பாய்ஸ் வீலர், அரசின் இசைவோடு பழைய ஏடுகளை ஆராய்ந்து, 1861-62-இல் பழஞ்சென்னையின் வரலாற்றினை நூலாக வெளியிட்டார். எழும்பூர்ச் செந்நிறக் கட்டடம் 1909-இல் எழுந்தது. சென்னை ஆவண அலுவலகம் எனப்பட்ட அந்நிறுவனம் 1973-இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர் பெற்றது. அதன் தொடக்கக் காலக் காப்பாளருள் ஒருவரான ஹென்றி டாட்வெல், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பினைப் பதிப்பித்தவர்களுள் ஒருவர். 1904-இல் தொடங்கி 1928-இல் 12 தொகுதிகளாக நிறைவுற்ற அப்பதிப்பு ஒரு படிப்பினையைத் தருகிறது. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் பெரிய மனிதர்களைப் பற்றிப் பிள்ளை தனிமையில் எழுதிவைத்த கடுமையான மதிப்பீடுகள் அச்சேறியபோது அவர்களுள் எவரும் உயிரோடில்லை; அவர்தம் வழியினரைச் சுடும் வெப்பமும் அச்சொற்களில் எஞ்சியிருக்கவில்லை. காலம் சில மந்தணங்களைத் தானே அவிழ்த்துவிடுகிறது. ஆயினும் எல்லாவற்றையும் அவிழ்ப்பதில்லை.

காப்பகம் என்றவுடன் கோட்டையும் கொடியும் போரும் மட்டுமே நினைவுக்கு வருதல் கூடாது. மாம்பலத்து ஏரி தூர்ந்து, தியாகராயர் பெயரால் நகரம் எழுந்த 1920-களின் நிலக் கோப்புகளும், கோயில் ஊர்களின் இனாம் நிலங்களைப் பற்றிய பதிவுகளும் காப்பகங்கள் பேணும் செல்வங்களே. சென்னையில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் ஏதேனும் ஒரு வகையில் ஏதேனும் ஒரு கட்டினுள் உறங்குகின்றனர். அவர்கள் எந்நிலையில் அங்கே எழுதப்பட்டுள்ளனர் என்பதே வினா.

சார்புச் செயலாளரின் பெட்டகம்

ஆங்கில ஆட்சி தன் மந்தணங்களை எவ்வாறு காத்தது என்பதற்கு எழும்பூரில் உள்ள ‘சார்புச் செயலாளரின் பெட்டகக் கோப்புகள்’ சான்றாகும். அரசியல் இயக்கங்கள், ஒற்றர் அறிக்கைகள், தடைகள், கைதுகள் பற்றிய கோப்புகள் பொதுக் கோப்புகளிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியே பூட்டி வைக்கப்பட்டன. அவற்றின் பெயரே அவற்றின் வரலாறு. 1889-இலும் 1904-இலும் 1923-இலும் இயற்றப்பெற்ற அலுவலக மந்தணச் சட்டங்கள் அப்பூட்டுக்கு வலிமை தந்தன. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் நிலைபெற்றது.

சுதேசிப் பத்திரிகைகளைப் பற்றிய அறிக்கைகளும் இவ்வகையின. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வெளிவந்த இதழ்களின் கருத்துகளை அரசு மொழிபெயர்ப்பாளர் சுருக்கி எழுத, மேலதிகாரிகள் மட்டும் படித்து வந்தனர். கண்காணிப்பதற்காக எழுதப்பட்ட அவ்வறிக்கைகளே இன்று நம் இதழியல் வரலாற்றின் கருவூலம். மூல இதழ்கள் பல அழிந்துபோயின. அவற்றை ஐயுற்ற அரசின் குறிப்பேட்டில் அவற்றின் குரல் தங்கிவிட்டது.

பாரதியாரின் வாழ்க்கை வரலாறும் இதற்குத் தக்க சான்று. அவருடைய ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய நூல்களைச் சென்னை அரசு 1911-இல் தடை செய்தது. 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறியதும் கடலூரில் கைது செய்யப்பட்டார். சிறையிலிருந்து ஆளுநர் பெண்ட்லண்டுக்கு விண்ணப்பம் எழுதினார். டிசம்பரில் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு விடுதலையானார். அவர் தங்கும் மாவட்டங்கள் வரையறுக்கப்பட்டன. அவருடைய எழுத்துகள் குற்றப் புலனாய்வுத் துறையின் முன்பார்வைக்கு உட்பட்டன. ஒற்றரும் அதிகாரிகளும் எழுதிய குறிப்புகளிலிருந்து இவ்வரலாறு துலங்குகிறது. அவ்விண்ணப்பம் கவிஞரின் பெருமைக்குக் குறையாகும் என்று எவரேனும் அக்கட்டினை அழித்திருந்தால், பத்தாண்டு அஞ்ஞாதவாசம் ஒரு மனிதன் மேல் ஏற்றிய பாரத்தை நாம் அறிந்திருக்கமாட்டோம். 1928-இல் அவர் பாடல்கள் பறிமுதல் செய்யப்பட்டபோது சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுப்பிய எதிர்ப்பின் பொருளும் முழுமையாக விளங்கியிராது.

எனவே அரசின் மந்தணம் காலம் கனிந்தபின் திறக்கப்படுதல் நன்று. திறக்கும்போது அடங்கியோர் பேசுகின்றனர். அடக்கியோர் விடை கூறவேண்டியவராகின்றனர். ஆயினும் அதே பெட்டகத்தில் வேறு பெயர்களும் இருந்தன. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கும் எளிய ஒற்றன் எந்த ஆட்சியிலும் இருப்பான். அச்சத்தால் வாக்குமூலம் தந்த இளைஞனும் இருப்பான். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் வாழக்கூடும். அரசின் சூழ்ச்சியை வெளிப்படுத்துவதற்கு அவ்வெளியோரின் பெயர்கள் எத்துணை தேவை என்பதை ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எளியோரின் மந்தணம்

பெட்டகத்திற்கு வெளியே கிடந்த ஏடுகளுக்கு வருவோம். 1868-இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ்ப் பரத்தையர் எனக் கருதப்பட்ட பெண்கள் பதிவு செய்யப்பட்டனர். வலிந்து மருத்துவச் சோதனைக்கு ஆளாயினர். பூட்டு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். படைவீரரின் உடல்நலம் காக்கவே அச்சட்டம் எழுந்தது. 1888-இல் அது நீக்கப்பட்டது. சட்டம் நீங்கினாலும் எழுதிய பெயர் எழுதியதே. கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை போன்ற நிறுவனங்களின் நோயாளர் குறிப்புகளும் இவ்வியல்பினவே. தம்மைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதை அறியாதவர்களைப் பற்றி எழுதப்பட்டவை அவை.

குற்றப் பரம்பரைச் சட்டம் இதனினும் கொடியது. 1871-இல் வடஇந்தியாவில் தொடங்கிய அச்சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறப்பினாலேயே குற்றவாளி என்று முத்திரையிட்டு, சமூகம் சமூகமாகப் பெயர்களும் கைரேகைகளும் பதியப்பட்டன. பதிவினை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவல் துறையினர் சுட்டதில் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட சமூகத்தார் சீர்மரபினர் எனப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டின் கோப்பு திறக்கப்படவேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அது அரசின் செயல். ஆனால் ‘குற்றவாளி’ என்ற தலைப்பின்கீழ்க் கைரேகையோடு எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல் அவ்வாறு பொதுவில் விரிக்கத்தக்கதா? அத்தலைப்பு அரசு சுமத்திய பொய். பட்டியலை அவ்வாறே வெளியிடுவோர் அப்பொய்யை மறுமுறை சுமத்துகின்றனர்.

மூன்றாவது சான்று கோயிலைச் சார்ந்தது. 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் விசாரணைகளில் எழுந்த பதிவேடுகள் கோயிற் பணிக்கு விடப்பட்ட நிலங்களையும் அவற்றை அனுபவித்தோரையும் குறிக்கின்றன. ஆடல் பணிக்கு நிலம் பெற்ற மகளிரின் பெயர்களும் அவற்றுள் உண்டு. நில வழக்குகளில் இப்பதிவேடுகளின் சான்றுப்படிகள் நீதிமன்றம் ஏறுவதால் இவற்றை மூடுதல் இயலாது. மூடினால் கோயில் நிலங்களைக் கவர்ந்தவர்க்கே நன்மையாம். ஆயின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் நெடிது போராடி, 1947-இல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியபின், அம்மரபில் வந்த குடும்பங்கள் பழைய பெயரைத் துறந்து புதுவாழ்வு கண்டன. அவர் அடையாற்றில் வளர்த்த அவ்வை இல்லம் ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியர்க்கும் புகலளித்தது. அத்தகைய இல்லங்களின் சேர்க்கைப் பதிவேட்டினை எவரும் கதைப்பொருளாக்க ஒப்பார். அதே நெறி இனாம் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்தாள்வோர்க்கும் பொருந்தும். நிலத்தின் வரலாறு வேண்டப்படும் இடத்தில் நிலத்தையும் பணியையும் கூறினால் போதும். இன்ன தெருவில் இன்னாரின் பாட்டி இன்னார் என்று காட்டுதல் வரலாறு ஆகாது.

அதே ஏடு, வேறு கண்

இவ்வாறு கூறுவதனால் மக்களைப் பற்றிய ஏடுகள் அனைத்தும் பூட்டப்படவேண்டும் என்று கொள்ளுதல் தவறாகும். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்று, நவம்பர் 16-ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அக்கப்பலிலும் அதன்பின் சென்ற கப்பல்களிலும் ஏறியவர்களின் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், உடலின் அடையாளங்கள் ஆகியன பட்டியல்களில் பதியப்பட்டன. மனிதரைச் சரக்கெனக் கணக்கிட்ட எழுத்து அது. ஆயினும் ஐந்தாம் தலைமுறையில் நிற்கும் தென்னாப்பிரிக்கத் தமிழர்க்கு அப்பட்டியலே தாய்நாட்டோடு எஞ்சிய தொடர்பு. மூதாதையின் தழும்பும் மச்சமும் அவர்களுக்கு இழிவு அல்ல, முகவரி.

ஒரே வகைக் குறிப்பு ஒருவர்க்கு வடுவாகவும் மற்றொருவர்க்கு வேராகவும் அமைகின்றது. எனவே எந்த ஏடு மென்மையானது என்பதை ஏட்டின் பொருளை மட்டும் நோக்கி முடிவு செய்தல் இயலாது. யாரைப் பற்றியது, அவர் வழியினர் எங்கு எந்நிலையில் வாழ்கின்றனர், கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பனவும் நோக்கப்பட வேண்டும். உரியவர் கேட்டால் கதவு முழுதும் திறக்கவேண்டும். பிறர் கேட்டால் அளவோடு திறக்கவேண்டும்.

அழித்தலும் ஒரு மறைப்பு

மென்மையான செய்திகளைக் காக்கும் எளிய வழி எரித்துவிடுதல் என்று எண்ணுவோரும் இருந்தனர். 1947-இல் ஆங்கிலேயர் வெளியேறும் வேளையில், சுதேச மன்னர்களின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய கோப்புகளை அரசியல் துறையின் தலைவர் கான்ராட் கார்ஃபீல்டு எரிக்கச் செய்தார். நேரு அதனைக் கண்டித்தார். மன்னரின் மானம் காக்கப்பட்டது என்று கூறப்பட்டாலும், அம்மன்னரின் ஆட்சியில் அவதியுற்ற குடிகளின் வழக்குகளும் அந்நெருப்பில் சாம்பலாகியிருக்கக் கூடும். பிற குடியேற்ற நாடுகளை விட்டு நீங்கியபோதும் ஆங்கில அரசு பல கோப்புகளை எரித்தது. பலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று மறைத்தது. கென்யாவின் மாவ் மாவ் போராளிகள் தொடுத்த வழக்கினால், ஹான்ஸ்லோப் பார்க் என்னுமிடத்தில் அக்கோப்புகள் இருந்தமை 2011-இல் வெளிப்பட்டது. துன்புற்ற முதியோர் நீதி கேட்பதற்கு அவை துணையாயின.

கிழக்குச் செருமனி வேறு வழியைக் காட்டியது. அங்கு மந்தணக் காவல் துறை குடிமக்களைப் பற்றித் திரட்டிய கோப்புகளை எரிக்க முற்பட்டபோது மக்களே தடுத்தனர். 1991-இல் இயற்றிய சட்டத்தின்படி ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய கோப்பினைத் தாமே பார்க்கலாம். அதில் வரும் பிற எளியோரின் பெயர்கள் படிகளில் கறுப்பு மையால் மறைக்கப்படுகின்றன. மூலம் முழுமையாகக் காக்கப்படுகிறது. படியில் மறைப்பு நிகழ்கிறது. மூல ஓலையையும் படியோலையையும் பிரித்தறிந்த நம் முன்னோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றியிராது.

சட்டம் காட்டும் வழி

இந்தியச் சட்டங்கள் இவ்வேறுபாட்டினை எவ்வாறு கையாளுகின்றன? 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்பில் ஒருவர் கூறிய செய்திகளைப் பார்வையிடவும் சான்றாகக் காட்டவும் இடந்தராமல் காக்கிறது. மக்கள் அஞ்சாது உண்மை கூறுவதற்கு அவ்வுறுதியே அடிப்படை. 1993-இல் நிறைவேறிய பொது ஆவணங்கள் சட்டம், மந்தண வகைப்பாடு இல்லாத, 30 ஆண்டு கடந்த ஆவணங்களை மெய்யான ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிட வழிசெய்தது. 1892-க்கு முற்பட்ட ஆவணங்களை, சிதைந்து பயனற்றுப் போனாலன்றி, அழித்தல் கூடாதென்றது. ஆயின் அது நடுவண் அரசுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் உரியது. மகாராட்டிரமும் கருநாடகமும் தமக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டன.

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு பத்து வகை விலக்குகளைக் கூறுகிறது. நிகழ்ந்து 20 ஆண்டு கடந்த செய்திகளுக்கு அவற்றுள் மூன்று மட்டுமே தொடரும்: நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், சட்டமன்றங்களின் சிறப்புரிமை, அமைச்சரவைத் தாள்கள். தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காக்கும் விலக்கு அம்மூன்றனுள் இல்லை. அமைச்சரவையின் மந்தணம் 20 ஆண்டுக்குப் பின்னும் விலக்கினைத் துணைக்கொள்ளலாம். 21 ஆண்டுக்கு முன் மருத்துவமனையில் கிடந்த பெண்ணின் செய்திக்கு அத்துணை இல்லை. பெட்டகமும் பதிவேடும் பற்றி மேலே கூறிய முரண் இக்காலச் சட்டத்திலும் தொடர்தல் காண்க.

2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் செய்தி பற்றிய அவ்விலக்கினைத் திருத்தி விரிவாக்கியது. ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் சில நெகிழ்வுகளையும் தந்தது. ஆயினும் விலக்கோடு முன்னர் இணைந்திருந்த வரையறைகள் நீங்கியமையால், அதிகாரிகளின் செயலைக் கேட்போரிடமும் ‘தனிநபர் செய்தி’ என்று கூறிக் கதவடைக்கலாம் என்னும் அச்சம் எழுந்தது. அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. எளியோரின் மானத்திற்கென வேய்ந்த கூரையின்கீழ் வலியோர் ஒதுங்கிக்கொள்வது உலகியல்பு.

தமிழகத்தில் தோன்றிய வழக்குகளும் இவ்விவாதத்திற்கு ஒளி தந்துள்ளன. மரண தண்டனைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றை வார இதழொன்று வெளியிடுவது பற்றிய இராஜகோபால் வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் தனித்திருக்கும் உரிமையை ஏற்றது. பொது ஆவணத்தில் இடம்பெற்ற செய்திக்கு அவ்வுரிமை பொருந்தாதென்றது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயர்களை இவ்விதிக்கு விலக்காக்கியது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. பின்னர், குற்றவழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தம் பெயர் இணையத்தில் எவரும் தேடிக் காணுமாறு கிடப்பதை நீக்கவேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இருவர் அமர்வு பெயரை மறைக்க ஆணையிட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. கற்றறிந்த நீதிபதிகளே இருவேறு கருத்துக் கொள்ளும் அளவுக்கு இவ்வினா அரியதாக உள்ளது.

எழும்பூருக்குச் செல்லும் வழி

இதுகாறும் எளியோரின் மந்தணத்தைக் காத்தது சட்டம் அன்று, தொலைவும் உழைப்புமே. எழும்பூருக்கு நேரிற்சென்று, இசைவு பெற்று, அட்டவணை தேடி, கட்டவிழ்த்து, மங்கிய கையெழுத்தினை நாட்கணக்கில் படிப்பவரே ஒரு பெயரைக் கண்டனர். அத்துணை உழைப்போர் பெரும்பாலும் பொறுப்புடையோராக இருந்தனர். ஏடுகள் எண்மப்படிகளாகி இணையம் ஏறுங்கால் அத்தொலைவு மறைந்துவிடும். ஒரு பெயரைத் தட்டினால் 1915-ஆம் ஆண்டின் கைரேகைப் பதிவு 2015-இல் பிறந்த குழந்தையின் முன் வந்து நிற்கும். பெண் பார்க்கச் செல்வோரும் வேலை தருவோரும் அதனைக் காண்பர். புத்தூர் மணப்பந்தல் நாள்தோறும் நிகழும்.

ஆகவே செய்யத்தக்கன சில உண்டு. முதலாவது, எதனையும் அழித்தல் கூடாது. மூலம் முழுமையாக நிலவவேண்டும். இரண்டாவது, அரசின் செயல்களைப் பற்றிய மந்தணத்திற்குக் கால எல்லையும் காரணமும் எழுத்தில் வேண்டும். எல்லை கடந்ததும் கேளாமலே கதவு திறக்கவேண்டும். மூன்றாவது, நோய், குற்றம், பிறப்பு, ஒழுக்கம் பற்றித் தனிமனிதர் மேல் எழுதப்பட்ட ஏடுகளுக்கு ஒரு வாழ்நாளேனும் காவல் வேண்டும். இங்கிலாந்தில் கணக்கெடுப்புத் தாள்கள் 100 ஆண்டு மூடப்படுகின்றன. அமெரிக்காவில் 72 ஆண்டு. நான்காவது, அவ்வேடுகளில் எழுதப்பட்டோரின் வழியினர்க்கு முதல் உரிமை வேண்டும். ஐந்தாவது, எண்மப்படியாக்கும்போது கோப்பின் பொருளும் ஆண்டும் தேடற்கு எளிதாகட்டும். மென்மையான தொடர்களில் தனிமனிதரின் பெயர் தேடுசொல்லாக ஆகாதிருக்கட்டும். இவையனைத்திற்கும் மேலாக, கட்டினை எடுத்துத் தரும் காப்பாளர்க்குப் போதிய பயிற்சியும், முடிவெடுக்கும் உரிமையும், அம்முடிவுக்குக் காரணம் கூறும் கடமையும் வேண்டும்.

ஆராய்ச்சியாளர்க்கும் கடமை உண்டு. காப்பகம் ஏட்டைத் தருகிறது. எதனை எழுதுவது என்னும் அறத்தை அது தர இயலாது. பெயரின்றியும் மெய்ம்மை நிற்குமாயின் பெயரை விடுவதே முறை.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கை மீண்டும் நோக்குக. மணப்பந்தலின் ஆரவாரத்தில் காட்டப்பட்டது படியோலையே. மூல ஓலையோ வழக்கினைத் தீர்க்கும் பொறுப்புடைய அவையின் முன், அதனைக் காப்போம் என்று அவையத்தார் உறுதி கூறியபின் விரிக்கப்பட்டது. அது மறைக்கப்படவில்லை, எறியப்படவுமில்லை. உரிய இடத்தில், உரியோர் முன், உரிய நோக்கத்திற்காகத் திறக்கப்பட்டது. அடிமை என்று எழுதிய அவ்வோலையே ஆரூரரைத் தமிழ் பாடும் தோழராக்கியது என்பது அதன் முடிவு. எழும்பூரின் கட்டுகளும் அவ்வாறே திறக்கப்படுமாயின், அவற்றுள் உறங்கும் எளியோரும் தம் வழியினரை வெட்கமின்றிச் சந்திப்பர்.